வெட்டுக்கிளி என்னும் ஒரே பெயரும் அதனால் விளையும் நஷ்டமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

நெல் வயலில் வெட்டுக்கிளி விழுந்திருக்கிறது என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் மருந்துப் பம்பைத் தோளில் ஏற்றுவதே நம் குடியானவர்களில் அநேகருடைய வழக்கமாயிருக்கிறது. விழுந்தது எந்த வெட்டுக்கிளி, அது எதைத் தின்கிறது, அதை ஒழிப்பதால் வரவு என்ன, செலவு என்ன என்று விசாரிப்பவர் வெகு சிலரே. இவ்வழக்கம் வீண் செலவை உண்டாக்குவதோடு நில்லாமல், பயிருக்குக் காவலாயுள்ள ஒரு பிராணியையும் அழித்து விடுகிறது என்பது என்னுடைய அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களையும், அப்பிராணியை இன்னதென்று கண்டறியும் வழியையும் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பெயரினால் வந்த குழப்பம்

பச்சை நிறமும், நீண்ட பின்னங்கால்களும், தத்திப் பாயும் குணமும் உடைய பூச்சி எதுவாயினும் அதற்கு நம் நாட்டில் வெட்டுக்கிளி என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஆனால் பூச்சி சாஸ்திரிகள் இவற்றை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று குறுங்கொம்பு வெட்டுக்கிளி. மற்றொன்று நீள்கொம்பு வெட்டுக்கிளி. இங்கே கொம்பு என்பது தலையின் முன்புறத்தில் இரு பக்கமும் நீண்டு நிற்கும் மீசை போன்ற உணர்கொம்பைக் குறிக்கும்.

இந்தப் பிரிவு மேலெழுந்தவாரியானதன்று. இரவில் வீட்டு மூலையிலிருந்து சப்தமிடும் சுவர்க்கோழியை எல்லோரும் அறிவார்கள். நீள்கொம்பு வெட்டுக்கிளிக்கு அந்தச் சுவர்க்கோழிதான் நெருங்கிய உறவு. பக்கத்துத் தூரில் உட்கார்ந்திருக்கும் குறுங்கொம்பு வெட்டுக்கிளி, பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தபோதிலும், தூரத்து உறவே. தோற்றத்தில் ஒற்றுமையும் தொழிலில் வேற்றுமையும் உள்ள இரண்டையும் ஒரே பெயரிட்டு அழைப்பது, பயிரில் மேயும் மாட்டையும் அதை ஓட்ட வந்த காவற்காரனையும் ஒரே பெயரால் கூப்பிட்டு, இருவரையும் ஒரே தடியால் அடிப்பதற்கு ஒப்பாகும்.

இனம் தெரியாமையால் வரும் கலவரத்துக்குச் சமீப காலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020-ஆம் வருஷத்தில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் ராஜஸ்தான் முதலிய வடக்கு, மேற்கு ராஜ்யங்களில் இறங்கிய செய்தி பரவிற்று. அச்சமயம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் எருக்கஞ்செடிகளில் மொய்த்திருந்த வெட்டுக்கிளிகளைக் கண்டு ஜனங்கள் பெரிதும் அஞ்சினார்கள். அவை பாலைவன வெட்டுக்கிளிகளல்ல, உள்ளூர் இனமே என்று விவசாய இலாகாவினர் சோதித்துச் சொன்ன பிறகே அச்சம் தணிந்தது. பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துத் தெளிவதற்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். பாராமல் அஞ்சுவதால் உண்டாகும் செலவோ பெரிது.

நம் வயலிலுள்ள நீள்கொம்பு வெட்டுக்கிளி

நம் நெல் வயல்களில் காணப்படும் நீள்கொம்பு வெட்டுக்கிளிகளில் முக்கியமானதற்குச் சாஸ்திரப் பெயர் கோனோசெபலஸ் லாங்கிபென்னிஸ் என்பது. முதற் சொல்லுக்குக் கூம்பு போன்ற தலையுடையது என்றும், இரண்டாவதற்கு நீண்ட இறக்கையுடையது என்றும் பொருள். தென் ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெல் விளையும் தேசங்களில் இது பரவியிருக்கிறது. வயலிலும், வரப்புப் புல்லிலும், வாய்க்கால் ஓரங்களிலும் வசிக்கும். நடவு செய்த புதிதில் கொஞ்சமாக இருந்து, பயிர் முதிர முதிரத் தொகையில் பெருகும். ஆள் காலடி வைத்தவுடன் தாவிப் பறந்துவிடும். அல்லது தாளோடு தாளாக உடலை நெருக்கிக்கொண்டு, நாம் நிற்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக நகர்ந்து ஒளியும். இரை தேடும் வேலையை இது பெரும்பாலும் இரவில் செய்வதால், இதன் உபகாரம் குடியானவரின் கண்ணில் படுவதில்லை. பகலில் இது இலையில் உட்கார்ந்திருப்பது மாத்திரமே தெரிகிறது. ஆகவே பக்கத்து இலையிலுள்ள கடிக்கெல்லாம் இதன்மேல் பழி விழுகிறது.

அங்க அமைப்பு

இப்பூச்சியின் அங்கங்களை ஒவ்வொன்றாக அறிந்துகொள்வது அவசியம். அவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலவற்றுக்கு மாத்திரம் ஒரு சிறு பூதக்கண்ணாடி இருந்தால் நலம்.

முதலாவது, உருவம். வளர்ந்த பூச்சி ஏறக்குறைய ஓர் அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரை நீளமுள்ளது. உடல் ஒல்லியானது, நிறம் இளம் பச்சை. முகம் நெட்டுக்குத்தாக இராமல் உள்நோக்கிச் சரிந்திருக்கும். நெற்றியிலிருந்து தொடங்கி, தலையின் மேற்புறத்தையும் கழுத்துப் பட்டை போன்ற மார்பு மூடியையும் கடந்து, பின்னோக்கி ஒரு பழுப்புப் பட்டை ஓடும். மேலிருந்து பார்த்தால் இப்பட்டை தெளிவாய்த் தெரியும். இறக்கைகள் குறுகலாகவும், வயிற்றின் முனையைக் கடந்து நீண்டும் இருக்கும்.

இரண்டாவது, உணர்கொம்பு. இதுவே சகல அடையாளங்களிலும் சுலபமானது. நூலிழை போன்று மெல்லியதாய், உடலைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான நீளமுடையதாய், எப்பொழுதும் அசைந்துகொண்டே இருக்கும். மிகச் சிறிய கணுக்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்து ஆனது அது. குறுங்கொம்பு வெட்டுக்கிளியின் கொம்போ தடித்து, உடலின் பாதி நீளத்துக்கும் குறைவாய், முப்பதுக்கு மேற்படாத கணுக்களோடு நிற்கும். இறக்கை முளையாத குஞ்சுப் பருவத்திலும் இவ்வடையாளம் மாறுவதில்லை. ஆதலால் சிறு குஞ்சுகளையும் இதைக்கொண்டே பிரித்தறியலாம்.

மூன்றாவது, செவி. பூச்சிக்குச் செவி காலில் இருக்கிறதென்றால் கேட்பவர் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே உண்மை. நீள்கொம்பு வெட்டுக்கிளியின் முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சிறிது பருத்த ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் இரு புறமும் மெல்லிய கீற்றுப் போன்ற பிளவு காணப்படும். அதற்குள்ளே ஒலியை ஏற்கும் மெல்லிய தோல் இருக்கிறது. மார்பின் பக்கத்திலுள்ள ஒரு சுவாசத் துவாரத்திலிருந்து குழாய் ஒன்று அக்காலுக்குள் ஓடி, ஒலியை உட்புறமாகவும் கொண்டுவந்து சேர்க்கிறது. குறுங்கொம்பு வெட்டுக்கிளிக்குச் செவி காலில் இல்லை. இறக்கைக்குக் கீழே, வயிற்றின் முதற் கணுவில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது.

நான்காவது, பாதம். பாதம் சிறு கணுக்களால் ஆனது. நீள்கொம்பு வெட்டுக்கிளியின் பாதத்தில் நான்கு கணுக்கள். குறுங்கொம்பு வெட்டுக்கிளியின் பாதத்தில் மூன்றே. உணர்கொம்பு மிக மெல்லியதானபடியால், பிடிக்கும்போதும் சீசாவில் அடைக்கும்போதும் ஒடிந்து போவதுண்டு. ஒடிந்த கொம்பைக் கண்டு இது குறுங்கொம்பு இனம் என்று தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய சமயங்களில் முன்னங்காலின் செவியையும் பாதத்தின் கணுக்களையும் பார்த்தால் ஐயம் நீங்கும்.

ஐந்தாவது, முட்கள். முன்னங்கால்களின் கீழ்ப்பகுதியில் உட்புறமாகச் சிறு முட்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இலையை மாத்திரம் தின்று வாழும் பிராணிக்கு இவ்வித முட்கள் பெரிதும் வேண்டுவதில்லை. நழுவி ஓடும் இரையைப் பிடித்து நிறுத்துவதற்கு இவை ஏற்றவை. உருவத்தைப் பார்த்தே தொழிலை ஊகிக்கலாம் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

ஆறாவது, பெண் பூச்சியின் முட்டையிடும் கருவி. வயிற்றின் முனையில் ஒரு சிறு வாளைச் சொருகி வைத்தாற்போல, பக்கவாட்டில் தட்டையாய், ஏறக்குறைய நேராய் அது நீண்டிருக்கும். இதைக் கொடுக்கு என்று எண்ணிக் கூலியாட்கள் அஞ்சுவதுண்டு. அது கொட்டாது, விஷமும் இல்லை. புல்லின் தாளிலும் இலையுறையிலும் செருகி முட்டை வைப்பதற்கே அது பயன்படுகிறது. குறுங்கொம்பு வெட்டுக்கிளியின் பெண்ணுக்கு இவ்வாள் கிடையாது. குட்டையான முளைகள் நான்கு மாத்திரம் தெரியும்.

ஏழாவது, ஆண் பூச்சியின் இசைக் கருவி. ஆணின் முன் இறக்கைகளின் அடிப்பாகத்தில், முதுகை ஒட்டி, கண்ணாடி போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. இடது இறக்கையின் அடிப்புறத்தில் அரம் போன்ற பல் வரிசை. வலது இறக்கையில் அதன்மேல் உரசும் விளிம்பு. இடது இறக்கை மேலாகவும் வலது கீழாகவும் அமைந்து, ஒன்றின்மேல் ஒன்று உராயும்போது மெல்லிய ‘சிர்ர்’ என்ற ஓசை எழும். அவ்வோசையில் ஒரு பங்கு மனிதர் செவிக்கு எட்டாத அளவு உச்சமானது. சுவர்க்கோழியில் இது மாறி, வலது இறக்கை மேலாக இருக்கும். குறுங்கொம்பு இனங்களில் இசை எழுப்புபவை பின்னங்காலை இறக்கையில் தேய்த்தே எழுப்புகின்றன.

இவ்வினத்தை அதன் நெருங்கிய உறவினங்களிலிருந்து பிரிப்பதற்குச் சாஸ்திரிகள் ஆணின் வயிற்று முனையிலுள்ள இரு சிறு கவைகளின் வடிவத்தையும், அவற்றின் உட்புறப் பல்லையும் ஆராய்வார்கள். குடியானவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை.

பயிரைத் தின்னும் வெட்டுக்கிளிகள்

நெல்லுக்கு உண்மையான பகை குறுங்கொம்பு இனங்களே. அவற்றுள் ஹீரோகிளைபஸ் என்னும் பெரிய நெல் வெட்டுக்கிளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளர்வது. மார்பு மூடியின்மேல் குறுக்காக ஓடும் மூன்று கருங்கோடுகளே அதன் முத்திரை. இது வரப்பு மண்ணில் கூடு கூடாக முட்டை வைக்கும். மழை தொடங்கிய பின் குஞ்சு பொரிக்கும். வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான். இலையை விளிம்பிலிருந்து அரித்துத் தின்பதுடன், கதிர்க் காம்பையும் கடித்துவிடும். ஆக்ஸியா என்னும் சிறிய நெல் வெட்டுக்கிளி பச்சை நிறமானது. கண்ணிலிருந்து பின்னோக்கி, உடலின் பக்கவாட்டில், பழுப்புப் பட்டை ஓடும். பட்டை முதுகின் நடுவில் ஓடினால் கோனோசெபலஸ், பக்கத்தில் ஓடினால் ஆக்ஸியா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் கொம்பின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

நீள்கொம்பு இனங்கள் யாவும் நண்பர்களே என்று நான் சொல்ல வரவில்லை. நியூகினி, மொலுக்கஸ் தீவுகளில் ஸெக்ஸாவா முதலிய நீள்கொம்பு இனங்கள் தென்னை மட்டைகளை மொட்டையாக்கும் கொடிய பகைகளாயிருக்கின்றன. நம் நாட்டிலும் இலை போன்ற அகன்ற இறக்கையுள்ள பெரிய இனங்கள் செடி கொடிகளின் தழையைத் தின்று வாழ்கின்றன. நான் பரிந்து பேசுவது நெல் வயலிலுள்ள இந்தச் சிறிய, ஒல்லியான, முதுகுப் பட்டையுடைய இனத்துக்காகவே. அடையாளங்களை இவ்வளவு விஸ்தாரமாக எழுதியதும் அதற்காகவே.

இதனால் விளையும் நன்மை

நம் நெல்லின் பெரும் பகைகளில் ஒன்று குருத்துப்பூச்சி எனப்படும் மஞ்சள் தண்டுத் துளைப்பான். மஞ்சள் நிறமான பெண் அந்துப்பூச்சி, முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளியுடன், இலையின் நுனிப் பக்கத்தில் முட்டைக் குவியல் வைக்கும். ஒரு குவியலில் 50 முதல் 80 முட்டைகள் வரை இருப்பது சாதாரணம். தன் வயிற்று நுனியிலுள்ள பழுப்பு மயிரை உதிர்த்து அக்குவியலைப் போர்த்திவிடும். வெளிவரும் புழுக்கள் தண்டுக்குள் நுழைந்துவிட்டால் மருந்து அவற்றை எட்டுவது கஷ்டம். தூர் கட்டும் பருவத்தில் நடுக்குருத்துக் காயும். கதிர் வரும் பருவத்தில் வெண்கதிர் தோன்றும். வெண்கதிரில் மணி பிடிக்காது என்பதைக் குடியானவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் பகையைத் தாக்க உகந்த இடம் முட்டைக் குவியல்தான். ஆனால் மயிர்ப் போர்வை அதற்கு ஒரு கவசம். சிறு இரைதின்னிகள் பல அதைத் துளைக்க இயலாமல் போகின்றன. நீள்கொம்பு வெட்டுக்கிளிக்கோ வலிய கடிக்கும் தாடைகள் உண்டு. அது மயிரோடு சேர்த்து முட்டைகளைக் கடித்துத் தின்றுவிடும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1987-இல் வெளியிட்ட நெல் விவசாயியின் நண்பர்களைப் பற்றிய நூலில், இவ்வினம் ஒன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு குருத்துப்பூச்சி முட்டைக் குவியல்களைத் தின்ன வல்லது என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். குவியல் ஒன்றுக்கு 50 முட்டை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், மூன்று குவியலுக்கு 150 புழுக்கள் தண்டில் ஏறாமற் போகின்றன. வயலில் தினந்தோறும் இத்தனை குவியல் அதன் கண்ணில் படும் என்று சொல்வதற்கில்லை. அகப்பட்டால் தின்னும் திறமை அதற்கு உண்டு என்பதே பொருள்.

இது தவிர, இலையில் வரிசையாக வைக்கப்படும் கதிர்நாவாய்ப் பூச்சியின் முட்டைகளையும், புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவற்றின் குஞ்சுகளையும் இது தின்கிறது. கூலியின்றி, மேற்பார்வையின்றி, இரவில் வேலை செய்யும் இப்படிப்பட்ட ஆளை விலைகொடுத்து வாங்கிய விஷத்தால் கொல்வது எந்த விதத்தில் சிக்கனம்?

ஆட்சேபணைகளும் சமாதானமும்

“இதுவும் இலையைக் கடிக்கிறதே, நான் கண்ணாலே பார்த்தேன்” என்று சொல்பவர்கள் உண்டு. அது மெய்யே. இவ்வினம் நெல் இலையையும், சில சமயம் கதிரையும் ஓரளவு கடிப்பதுண்டு. இதை மறைத்து இதற்குப் புகழ் பாடுவது முறையன்று. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியது நிகர லாபத்தை. நடவுக்குப் பின் முதல் 30, 40 நாட்களில் இலையில் உண்டாகும் மிதமான சேதத்தைப் பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு ஈடு செய்துகொள்ளும். தண்டைத் துளைத்த புழுவினால் போன கதிரை ஈடு செய்யப் பயிருக்குச் சக்தி இல்லை. ஒரு சாண் இலையை இழந்து ஒரு கதிரைக் காப்பாற்றுவது லாபமா நஷ்டமா என்பதைக் குடியானவரே தீர்மானிக்கலாம்.

“ஒரு பூச்சியை நம்பிப் பயிரை விட்டுவிடலாமா?” என்பது இரண்டாவது ஆட்சேபணை. ஒரு பூச்சியை மாத்திரம் நம்பச் சொல்லவில்லை. சிலந்திகள், தும்பிகள், முட்டைக்குள் முட்டை வைக்கும் சிறு குளவிகள் முதலிய பெரும் கூட்டத்தில் இது ஒன்று. இதைக் கொல்லும் மருந்து அவற்றையும் விடுவதில்லை. அவை மடிந்த வயலில் முதலில் மீண்டெழுவது பகையே. புகையானுக்கு ஒரு தலைமுறை பெருக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். நீள்கொம்பு வெட்டுக்கிளிக்கோ அதற்கு மேற்பட்ட காலம் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வயல் காவலின்றி நிற்கும்.

இது வெறும் யூகமன்று. இந்தோனேஷியாவில் மருந்தை அளவின்றித் தெளித்து நன்மை செய்யும் பூச்சிகளை அழித்ததன் பயனாகப் புகையான் பெருகிப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆகவே 1986-ஆம் வருஷத்தில் அந்நாட்டு அதிபர் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு உபயோகிக்கக் கூடாதென்று கட்டளை பிறப்பித்தார். வியட்நாமில் மீக்காங் நதிக் கழிமுகத்தில் 1994 முதல், பயிரின் முதல் 40 நாட்களில் இலை தின்னும் பூச்சிகளுக்கென்று மருந்தடிக்க வேண்டாம் என்று குடியானவர்களிடையே விரிவாகப் பிரசாரம் செய்யப்பட்டது. குடியானவர்கள் தங்கள் வயலில் ஒரு பகுதியிலேயே சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மருந்தடிப்பது குறைந்தது, மகசூல் குறையவில்லை. அவர்களுடைய கழிமுகத்துக்கும் நம் காவேரிக் கழிமுகத்துக்கும் மண்ணிலும் நீரிலும் வித்தியாசம் உண்டாயினும், பயிரும் பகையும் ஒன்றே.

“பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, அக்கம்பக்கத்தார் அடிக்கும்போது நான் அடியாமலிருந்தால் எல்லாம் என் வயலுக்கு வந்துவிடும்” என்பது மூன்றாவது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. தனியொருவர் மாறினால் பலன் குறைவு. ஒரு வாய்க்காலின்கீழ் உள்ளவர்கள் கூடித் தீர்மானித்தால் பலன் அதிகம். ஆனால் நேரமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கடைக்குப் போய் மருந்து வாங்கி வரும் நேரத்தில் கால் பங்கு போதும். இருபது முப்பது பூச்சிகளைப் பிடித்து, ஒரு வெள்ளைத் துணியில் போட்டுக் கொம்பைப் பார்த்துப் பிரித்துவிடலாம். பல கிராமங்களில் நான் இவ்விதம் செய்து காட்டியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

குடியானவர்கள் செய்ய வேண்டியவை

மருந்தடிக்கு முன் காலையிலோ மாலையிலோ வயலின் நாலைந்து இடங்களில் பூச்சி பிடித்து எண்ணிப் பார்க்க வேண்டும். நீள்கொம்பு இனம் மிகுந்திருந்தால் வெட்டுக்கிளிக்கென்று மருந்தடிக்க வேண்டாம். குறுங்கொம்பு இனமே மிகுந்து, இலைச் சேதம் கண்கூடாகப் பரவினால் மாத்திரம், அதுவும் சேதமுள்ள பகுதிக்கும் வரப்போரங்களுக்கும் மாத்திரம், இலாகா அதிகாரியின் யோசனைப்படி நடந்துகொள்ளலாம். குருத்துப்பூச்சிக்கும் இவ்விதமே எல்லை உண்டு. சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்துக் குருத்துக் காய்தல் என்ற அளவை எட்டினால்தான் தூர் கட்டும் பருவத்தில் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெரிய நெல் வெட்டுக்கிளி கண்ட கிராமங்களில், அறுவடைக்குப் பிறகு கோடையில் வரப்பைச் செதுக்கி மண்ணிலுள்ள முட்டைக் கூடுகளை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படுத்துவது எந்த மருந்தையும்விட மேலானது. ஆனால் எல்லா வரப்பையும் வாய்க்கால் கரையையும் ஒரே நாளில் நெருப்பு வைத்து மொட்டையாக்குவது தவறு. நீள்கொம்பு வெட்டுக்கிளி புல்லில்தான் முட்டை வைத்துப் புகலிடம் தேடுகிறது. அப்பகை காணாத வரப்புகளில் புல்லை முறை வைத்து அறுத்து, ஓர் இடத்திலாவது எப்போதும் பசுமை இருக்கும்படி விட்டு வைத்தால், அடுத்த போகத்துக்குக் காவலாள் வயலுக்கருகிலேயே தயாராயிருக்கும். மாட்டுக்குத் தீனியும் கிடைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

பயிர்ச் சேதத்தைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும்போது “வெட்டுக்கிளி சேதம்” என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுவது சர்வ சாதாரணமாயிருக்கிறது. இந்த இரண்டு சொற்களைக்கொண்டு எவராலும் சரியான யோசனை சொல்ல முடியாது. பொதுவாக எழுதினால் பொதுவான விஷமே வந்து சேரும். ஆதலால் கொம்பு நீளமா, குட்டையா. பயிரின் வயது என்ன. கடிபட்டது இலையா, கதிரா. எத்தனை ஏக்கரில் என்ற நான்கு விவரங்களையும் சேர்த்து எழுத வேண்டும். கூடவே நாலைந்து பூச்சிகளை உலர்ந்த பெட்டியில் பஞ்சுக்கிடையே, கொம்பு ஒடியாமல் வைத்து, ஊரும் தேதியும் எழுதி அனுப்பினால் வேலை பாதி முடிந்ததாகும்.

எங்கள் இலாகாவைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் கடமை உண்டு. தென்னிந்தியப் பூச்சிகளை இனம் பிரித்து எழுதும் வேலை புதிதன்று. சென்னைச் சர்க்காரின் பூச்சி சாஸ்திரியாயிருந்த பிளெட்சர் 1914-இலும், ராமகிருஷ்ண ஐயர் 1940-இலும் பெரு நூல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தன; அலமாரியில் தங்கின. வயலில் நிற்பவர் கையில் அவ்வறிவு போய்ச் சேரவில்லை. இரு வெட்டுக்கிளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக வரைந்து, கொம்பையும் முதுகுப் பட்டையையும் வாளையும் அம்புக்குறியிட்டுக் காட்டிய படம் ஒன்று ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் மருந்துக் கடையிலும் தொங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மருந்து விற்குமிடத்தில் அது தொங்குவது முக்கியம். வாங்குபவர் பணத்தை எடுக்கு முன் ஒரு தடவையாவது அதைப் பார்ப்பார்.

பூச்சிக்குத் தமிழில் ஒரு தனிப் பெயர் நிலைக்கும் வரையில் இக்குழப்பம் முற்றும் தீராது. நீள்கொம்பன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இதனினும் நல்ல பெயர் ஏதேனும் ஜில்லாவில் வழங்குமாயின் எழுதித் தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், வயலில் வெட்டுக்கிளி என்று கேள்விப்பட்டால் முதலில் ஒன்றைப் பிடியுங்கள், கொம்பைப் பாருங்கள், பிறகு பம்பைத் தொடுவதா வேண்டாமா என்று தீர்மானியுங்கள்.